கஞ்சிலை இரும்புக்குப் போடலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் 1998-இல் வாங்கிய கஞ்சில் 660 வீட்டு வாசலில் நிற்கிறது. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு இப்போது ஈப்போவில் தாதி வேலை கிடைத்திருக்கிறது. வேலை நேரம் மாறி மாறி வரும், இரவுப் பணியும் உண்டு. பழைய இரும்புக்காரர் சில நூறு வெள்ளி தருகிறேன் என்கிறார். மகளோ, "அப்பா காரே போதும், புதுக் கடன் வேண்டாம்" என்கிறாள். அம்மாவுக்குப் பயம். "அந்தக் காரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பேராக்கில், அதுவும் தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாறிய குடும்பங்களில், இதே கார் இதே கேள்வியோடு பல வாசல்களில் நிற்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். முதலைகளை ஏமாற்றி ஆற்றைக் கடந்த அந்தக் குட்டிப் பிராணியின் கதையைப் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். பெரோடுவா தனது முதல் காருக்கு அந்தப் பெயரை வைத்து 1994 ஆகஸ்டில் வெளியிட்டது. அடிப்படை ஜப்பானின் டைஹாட்சு மீரா. மூன்று சிலிண்டர், 660 சி.சி., 31 குதிரைசக்தி. 850 சி.சி. வகையும் உண்டு. 2009-இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய 7 லட்சம் கார்கள் வெளியே வந்தன.

நான் வளர்ந்த தோட்டத்தில் கார் என்றால் அது துரையுடையது, அடுத்து பெரிய கிராணியுடையது. மற்றவர்களுக்கு சைக்கிள், கொஞ்சம் வசதி வந்தால் மோட்டார் சைக்கிள். பிள்ளைகளுக்கு லோரி. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போவதும் லோரியில்தான். ஆனால் அன்றாடத் தேவைகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன: பால் மரம், பிரட்டுக்களம், டிரெசர், மளிகைக் கடை, கோயில், தமிழ்ப்பள்ளி. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் செம்பனைக்குப் பதில் வீடமைப்புப் பகுதியே எழுந்தது. லயத்தைவிட்டு மலிவு வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு வேலை ஓர் ஊரில், பள்ளி இன்னோர் ஊரில், பெரிய மருத்துவமனை ஈப்போவில் என்றாகிவிட்டது. பேருந்தோ எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. அந்த நேரத்தில் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு எட்டிய கார் இதுதான். நம் பெண்களில் பலர் ஸ்டேரிங் பிடித்ததும் இதில்தான். ஓட்டுநர் பள்ளிகள் வெகு காலம் கஞ்சிலை வைத்துத்தான் மேடேற்றமும் பார்க்கிங்கும் சொல்லிக் கொடுத்தன. அதனால் இந்தக் காரை "டப்பா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

சரி, கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போவுக்குப் பழைய சாலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். போக வர 60. மாதம் 24 நாள் வேலை என்றால் 1,440 கிலோமீட்டர். ஒழுங்காகப் பராமரித்த 660, லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தரும் என்று வைத்தால் மாதம் 85 லிட்டர் போதும். பலர் இதை வைத்துத்தான் "கஞ்சில் மாதிரி மிச்சம் பிடிக்கும் கார் இல்லை" என்பார்கள். அது பழைய கதை. இன்றைய அக்சியா பெரிய உடம்போடு, ஆட்டோ கியரோடு, கஞ்சிலைவிடக் குறைவாகவே குடிக்கும். கஞ்சிலின் மிச்சம் பெட்ரோலில் இல்லை, மாதத் தவணையில் இருக்கிறது. புதிய சிறிய காருக்கு வங்கிக் கடன் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 400 வெள்ளி, 9 ஆண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு அது சின்னத் தொகை அல்ல. மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சாலை வரி 1,000 சி.சி.க்குக் கீழே என்பதால் ஆண்டுக்கு 20 வெள்ளிதான். 1,500 சி.சி. காருக்கு 90 வெள்ளி. காப்புறுதியும் மலிவு, ஆனால் அதில் ஒரு கொக்கி உண்டு. இவ்வளவு பழைய காருக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் கிடைக்கும். நீங்கள் இடித்த காருக்குப் பணம் வரும், உங்கள் காருக்கு ஒரு காசு வராது. கார் திருடு போனாலும் அதே கதிதான்.

உதிரிப்பாகங்களுக்குக் கவலையே இல்லை. ஈப்போவில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் போர்மன் கண்ணை மூடிக்கொண்டு இதைக் கழற்றுவார். கணினியும் சென்சாரும் அதிகம் இல்லாத கார். பழைய 660-இல் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மூன்று பிளக், அவ்வளவுதான். சரியாக எரியவில்லை என்றால் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இனிக் குறைகள். முதல் குறை சூடு. ரேடியேட்டர் சிறியது, இயந்திரத்தின் மேல்தலை அலுமினியம். தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் தலை வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். கஞ்சிலின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் கிலோமீட்டர் அல்ல, இந்த ஒரு அலட்சியம்தான். வாரம் ஒருமுறை, இயந்திரம் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து பாருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலண்ட் ஊற்றுங்கள். வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால் வீடு பக்கத்தில்தானே என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது டைமிங் பெல்ட். ரப்பரால் ஆனது, அறுந்தால் கார் நின்ற இடத்தில் நிற்கும். எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டால், நேற்று மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். அதே நேரத்தில் தண்ணீர்ப் பம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சக்தி. கஞ்சில் ஓட்டிய யாரும் மறக்காத ஒரு கைப்பழக்கம் உண்டு: மேடு வந்தால் கை தானாக ஏர்கோன் பொத்தானுக்குப் போகும். இருக்கும் 31 குதிரையில் சில குதிரைகளை ஏர்கோன் கம்ப்ரசர் இழுத்துக்கொள்ளும். நான்கு பேர், பின்னால் அரிசி மூட்டை, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை என்றால் இரண்டாவது கியரில் வியர்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய குறை.

சிரிக்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. அம்மா கேட்டதும் அதைத்தான்.

கஞ்சில் வெளிவந்த சில வாரங்களில், 1994 செப்டம்பர் 8-இல், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்தச் சாலையின் வேக வரம்பு 110. கஞ்சிலோ ஜப்பானியக் குறுக்குத் தெருக்களுக்காகப் பிறந்த காரின் வாரிசு. நீளம் மூன்றரை மீட்டர்கூட இல்லை, எடை சுமார் 700 கிலோ. அதே நிறுவனத்தின் இன்றைய மைவியே ஒரு டன் அளவு வரும். 12 அங்குலச் சக்கரம், ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. கதவை மூடும்போது வரும் சத்தத்திலேயே தகட்டின் கனம் தெரியும். இந்த வட்டாரத்தில் கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் ஆசியான் என்கேப் தொடங்கியது 2011-இல். அதற்கு முன்பே கஞ்சில் உற்பத்தி நின்றுவிட்டது. சூட்டையும் பெல்ட்டையும் போர்மன் சரிசெய்வார். காரின் எடையையும் அது பிறந்த காலத்தையும் எந்தப் பட்டறையும் சரிசெய்ய முடியாது.

ஈப்போவிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் மெனோரா சுரங்கப் பகுதியை யோசித்துப் பாருங்கள். ஏற்றம், வளைவு, பிறகு நீண்ட இறக்கம். இடப்பக்கம் மூச்சிரைத்து ஏறும் கனரக லோரிகள், வலப்பக்கம் விளக்கடித்து விரட்டும் கார்கள். கஞ்சில் அந்த மேட்டில் லோரியை முந்தவும் முடியாமல், லோரிக்குப் பின்னால் நிம்மதியாக இருக்கவும் முடியாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். அங்கே போய்த்தான் தீர வேண்டும் என்றால் பேருந்தில் போகலாம். கோலாலம்பூருக்கு 2010-இலிருந்து ஈப்போவில் இ.டி.எஸ். ரயில் இருக்கிறது. கஞ்சிலில் 200 கிலோமீட்டர் போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பதில் பாதிதான். கஞ்சிலை இரும்புக்குப் போட்டால் அந்தப் பெண் எதில் வேலைக்குப் போவாள்? புதிய காருக்குக் கடன் வேண்டாம் என்பவள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில்தான் போவாள். நம் நாட்டுச் சாலைகளில் உயிர் இழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இரவு 9 மணிக்கு, அடைமழையில், விளக்கில்லாத பழைய சாலையில், செம்பனை லோரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போவதோடு ஒப்பிட்டால் அந்த மெல்லிய தகடு நான்கு பக்கமும் சுவர்தான். நெடுஞ்சாலையில் புதிய காருக்குப் பக்கத்தில் கஞ்சிலை வைத்தால் பயமாக இருக்கும். கப்சாய்க்குப் பக்கத்தில் வைத்தால் தைரியம் வரும். எந்தச் சாலையில், எதற்குப் பதிலாக என்று கேட்காமல் "பாதுகாப்பான காரா" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது.

ஆகவே அம்மா, இப்போதைக்கு இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். இரண்டு ஆண்டு நின்ற காரை அப்படியே சாவி போட்டு எடுக்க வேண்டாம். பழைய பெட்ரோலை வடிக்க வேண்டும். எண்ணெய், பிரேக் திரவம், பெல்ட், பேட்டரி, டயர் எல்லாம் புதிது. பிரேக்கைக் கழற்றிப் பார்க்கட்டும். மஞ்சளித்துப்போன முன்விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், இரவுப் பணிக்கு அது முக்கியம். இருக்கை வார் இழுத்தால் இறுகுகிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி ஆகலாம். அதற்கு மேல், போர்மன் அடித்தளம் உளுத்துவிட்டது என்று சொன்னால் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

மகளிடம் ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள். கார் பழைய சாலையில் வேலைக்கு மட்டும், 80-க்கு மேல் வேண்டாம், நெடுஞ்சாலைக்கு வேண்டாம். தவணை கட்டாத அந்த 400 வெள்ளியில் 100 பராமரிப்புக்கு, 300 சேமிப்புக்கு. இரண்டு ஆண்டில் 7,200 வெள்ளி சேரும். அப்போது முன்பணம் கட்டி ஏர்பேக் உள்ள கார் வாங்கினால் கடனும் சிறிது. இன்னொன்று: இரவுப் பணி முடித்துக் காலையில் திரும்பும்போது தூக்கம் வந்தால் மருத்துவமனையிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். அந்த ஆபத்து எந்தக் காரிலும் ஒன்றுதான்.

கைக்குழந்தை உள்ள இளம் தம்பதிகளுக்கு என் பதில் வேறு. 2020 ஜனவரியிலிருந்து குழந்தை இருக்கை கட்டாயம். கஞ்சிலில் ஐசோபிக்ஸ் கொக்கி கிடையாது, பின்னிருக்கை வாரில் கட்டித்தான் பொருத்த வேண்டும். பின்னிருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடத்தை ஒருமுறை கையால் அளந்து பாருங்கள். பின்னாலிருந்து ஒரு லோரி வந்தால் நசுங்க இருப்பது அவ்வளவுதான். முடிந்தவரை வேறு கார் பாருங்கள்.

மீரா டர்போ இயந்திரத்தை மாற்றிப் பொருத்தும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டி பறக்கும், நானும் பார்த்திருக்கிறேன். பிரேக்கும் தகடும் பழையதுதானே? இயந்திரம் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

புதிதாக ஒரு கஞ்சில் வாங்கப் போகிறவர்கள் ரொக்கத்தோடு போங்கள், இவ்வளவு பழைய காருக்கு வங்கி கடன் தராது. பளபளக்கும் சாயத்தைப் பார்க்க வேண்டாம். ஓட்டுநர் காலடிக் கம்பளத்தைத் தூக்கித் தளத்தைத் தட்டிப் பாருங்கள். உபரிச் சக்கரம் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டேரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்த்தினால் டக்டக் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் செலவு காத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வீட்டிலேயே நின்ற காரில் டயர் தேய்ந்திருக்காது, ஆனால் காய்ந்து வெடித்திருக்கும். ரப்பர் சீவிய குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தளத்தில் விரல் நுழையும் ஓட்டை இருந்தும் விற்பவர் "லேடி ஓனர், ஒரே கை" என்று பேச ஆரம்பித்தால், விலையைக் கேட்காமலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.