ஒரே ஆள், இரண்டு நோய், அரைப் பயிற்சி

ஆண்டுக்கணக்கில் குடித்த லாரி டிரைவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் சன்னி கண்டுவிடுவது உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். தறிக்காரர் என்றால் அறுந்துபோகாத இழையை முடிந்துகொண்டிருப்பார். "காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள் வீட்டில். பயிற்சியில்லாத வார்டில் அது மனச்சிதைவு என்று எழுதப்பட்டுவிடலாம். ஒழுங்காகக் கவனித்தால் சில நாளில் தெளியும்; விட்டால் உயிருக்கே ஆபத்து.

தலைகீழாகவும் நடக்கும். காதில் குரல் கேட்டுத் தூக்கம் கெட்டவர் அதை அடக்கக் குடிப்பார். ஊருக்கு அவர் வெறும் குடிகாரர். மறுவாழ்வு மையம் "இது மனநோய்" என்று கைகழுவும். மனநலப் பிரிவு "முதல்ல குடிய நிறுத்திட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும். நடுவில் அலைவது மனைவி.

குடியைப் பற்றிப் பேசுவது லாரியும் தறியும் ஓடும் நாமக்கல்லுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, அங்கிருந்தே மதுவிலக்குக்காக 'விமோசனம்' இதழை நடத்தினார். 1937 அக்டோபரில் அவரது அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான்; நாமக்கல் அப்போது அதற்குள் இருந்தது. அன்றிலிருந்து பேச்சு கடையைத் திறப்பதா மூடுவதா என்பதையே சுற்றி வருகிறது. குடிநோயாளிக்கு மருத்துவம் பார்ப்பவர் என்ன படித்திருக்கிறார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குத் தனித் தேர்வு கிடையாது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்றது எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு. அந்த ஒருவரும் பாதி தெரிந்தவரிடம் போய்ச் சேர்ந்தால்?

குடிநோய், மனநோய் இரண்டையும் சேர்த்துப் படித்தவருக்குச் சில்லறை விஷயங்கள் தெரியும். அவை சில்லறை அல்ல. குடிநோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போடாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். பீடிப் புகை ஒலான்சபின், குளோசபின் என்ற மனநோய் மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். வார்டில் பீடியை நிறுத்தியதும் அதே அளவு மாத்திரையே அதிகப்படியாகிவிடும். குடியை வெறுக்கவைக்கத் தரும் டைசல்ஃபிரம் சிலருக்கு மனநோயைக் கிளறிவிடும். குடித்துக்கொண்டிருப்பவரின் சோர்வு குடியால் வந்ததா, தனி நோயா என்பது நிறுத்திச் சில வாரம் கழித்தே பிடிபடும்.

மனநல மருத்துவர்களே குறைவு, இதற்கு யார் இருக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் மருத்துவரே வேண்டியதில்லை. குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' பத்துக் கேள்விகளை ஒரு செவிலியரே கேட்டுவிடலாம். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு போதை ஆலோசகர்களுக்காக வகுத்த அடிப்படைப் பாடங்களில் ஒன்று இந்த இரட்டை நோயைப் பற்றியும் பேசுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் இணையவழியிலேயே பயிற்சி தருகிறது.

நாமக்கல்லில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இதற்குத் தோதான இடம். பயிற்சி மருத்துவர், செவிலியர், ஆலோசகர் மூவரும் ஒரே நோயாளியைச் சேர்க்கையிலிருந்து ஆறு மாதம் சேர்ந்து பார்க்கட்டும். குடிக்கும் மனநோய்க்கும் ஒரே கேஸ் ஷீட் இருக்கட்டும். புதுக் கட்டடம் கேட்காத இந்த ஏற்பாட்டை அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.