புரண்டதா, புரட்டினார்களா?

இலக்கியக் கூட்டங்களில் ‘ஷேக் அப்’ என்றொரு சொல் பவனி வருகிறது. ஒரு நாவல் வந்தால் சூழல் ‘ஷேக் அப்’ ஆகிவிட்டதாம். பேரலை வந்தால் கடற்கரை வாழ்வும் ‘ஷேக் அப்’ ஆகிவிட்டதாம். ஆங்கிலம் கலந்ததற்காக நாம் சீறவில்லை. பேனாவையும் சன்னலையும் போர்த்துகீசியரிடமிருந்து பெற்றுக்கொண்ட மொழிக்கு இன்னும் இரண்டு அசைகள் சுமையாகா. அச்சொல் எதை மறைக்கிறது என்பதே நம் வழக்கு.

தமிழில் புரள்வது வேறு, புரட்டுவது வேறு. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ‘ள்’ என்பது ‘ட்டு’ ஆன மாத்திரத்தில் ‘செய்தவர் யார்?’ என்ற கேள்வி எழுந்துவிடும். ஆங்கிலத்திலும் அவ்வினைக்கு எழுவாய் உண்டு. நம் நாவில் ஏறியதும் அது ‘ஆகு’ என்பதோடு ஒட்டிக்கொண்டு, செய்தவரைக் கழற்றி விடுகிறது.

மணவாளக்குறிச்சியைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கடல் புரண்டு ஏறியது. அதற்கு எந்த மனிதரும் எழுவாய் அல்லர். 2017-இல் ஒக்கிப் புயல் படகுகளைக் கவிழ்த்தது. அது காற்றின் வினை. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அது மனிதரின் வினை. மணலின் கதையோ முற்றிலும் மனிதரின் வினை. 1909-இல் ஜெர்மானியரான ஷோம்பெர்க் திருவிதாங்கூர்க் கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. இன்று ஐ.ஆர்.இ.எல் (இந்தியா) நிறுவனம் அங்கே இல்மனைட்டையும் சிர்க்கானையும் மோனசைட்டையும் பிரித்தெடுக்கிறது. இங்கே மணல் புரளவில்லை, புரட்டப்படுகிறது. அதில் கூலி உண்டு, இலாபம் உண்டு, அச்சமும் உண்டு. ஆகவே பதில் சொல்ல வேண்டியவரும் உண்டு.

கிள்ளியூர் வட்டத்தில் 1144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கடலோர மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதை எழுத வருபவர் ‘கடற்கரையே ஷேக் அப் ஆகிறது’ என்று முடித்தால், அலையும் அரசாணையும் ஒரே தட்டில் விழுந்துவிடுகின்றன. நடுநிலை என்று அவர் எண்ணிக்கொள்ளலாம். எழுவாயைத் தப்பவிட்டதே மிச்சம்.

‘புரட்டிப் போட்டது’ என்பதும் தேய்ந்துபோன சொல்தானே என்பர் சிலர். உண்மைதான். ‘புரட்டு’க்குப் பொய் என்ற பொருளும் நம் வழக்கில் உண்டு, அட்டைக் குறிப்பு எழுதுவோர் அதையும் நினைவில் கொள்க. ஒரு நாவல் சூழலை உலுக்கியது என்றால் எந்தக் கிளையை உலுக்கியது, எது உதிர்ந்தது, எது அசையாமல் நின்றது என்று விமர்சகர் எழுதட்டும். அதை எழுத முடியாதபோதுதான் ‘ஷேக் அப்’ தேவைப்படுகிறது.