சுருக்குங்க பாஸ்... ஆனா பார்த்து!

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு 'மெடிக்கல் இமேஜ் கம்ப்ரஷன்' எடுத்திருக்கீங்களா? ஈ.சி.இ., சி.எஸ். பசங்களோட ஆல்டைம் ஃபேவரிட் தலைப்பாச்சே! மாட்லாப்ல புரோகிராம் ஓடும். 'சார், பி.எஸ்.என்.ஆர். 40 டெசிபல்!'னு ரிசல்ட் காட்டுவோம். வைவாவும் முடிஞ்சிடும். ஆனா, ஒரு கேள்வி மட்டும் பாக்கி... சுருக்கின படத்துல நோய் இன்னும் தெரியுதா?

முதல்ல, ஏன் சுருக்கணும்? 2,000 × 2,500 பிக்சல் உள்ள ஒரு மார்பு எக்ஸ்ரேயை எடுத்துக்குங்க. பிக்சலுக்கு 2 பைட்னா மொத்தம் 10 எம்.பி. அந்தக் கால 56 கே மோடத்தில் இதை அனுப்ப 24 நிமிஷம் ஆகும். இப்போ நெட் வேகம் கூடிடுச்சுதான். ஆனா, ஒரு சி.டி. ஸ்கேன்லயே நூத்துக்கணக்கான படங்கள் இருக்கும். டவர் ஒத்தைக் கோடு காட்டுற கிராமத்துல இருந்து அது அத்தனையும் நகரத்து ஸ்பெஷலிஸ்ட்டுக்குப் போய்ச் சேரணுமே!

சுருக்க ரெண்டு வழி. ஒண்ணு, லாஸ்லெஸ். எல்லா பிக்சலும் அப்படியே திரும்பக் கிடைக்கும். ஆனா, சைஸ் பெரும்பாலும் பாதியாகவோ, மூணுல ஒரு பங்காகவோதான் குறையும். இன்னொண்ணு, லாஸி. 1992-ல் வந்த ஜேபெக்கை நாம பயன்படுத்துறது பெரும்பாலும் இந்த வழியிலதான். படத்தை 8 × 8 கட்டங்களா பிரிச்சு, கண்ணுக்கு அவ்வளவா தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுடும். பத்துல ஒரு பங்காகக்கூட சுருக்கலாம்.

டூர் போட்டோன்னா பிரச்னையே இல்லை. ஆனா, எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலும் அந்த 'நுணுக்கம்' லிஸ்ட்லதான் வருது! ரொம்ப சுருக்கினா விரிசல் மங்கிடும். கட்டத்தோட ஓரம், இல்லாத கோடு மாதிரி தெரியும்.

பி.எஸ்.என்.ஆர். ஏமாத்துறது இங்கதான். அது மொத்தப் படத்துக்குமான கணக்கு. 50 லட்சம் பிக்சல்ல ஒரு 50 பிக்சல் மங்கிப்போனா பெருசா அசையாது. நோயாளிக்கோ, அந்த 50 பிக்சல்தான் எல்லாமே!

ஜேபெக் 2000-ல் 'ரீஜன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' வசதி இருக்கு. சந்தேகப்படுற இடத்தைத் துல்லியமா வெச்சுக்கிட்டு, மத்ததை நல்லா சுருக்கலாம். ஆனா, டாக்டர் இல்லாத ஊர்ல அந்த இடத்தை யார் குறிக்கிறது?

அதனால, ரிப்போர்ட்ல ஒரு பக்கம் கூடுதலா சேருங்க. ஒரிஜினல் படங்களையும் சுருக்கின படங்களையும் கலந்து, எது எதுன்னு சொல்லாம, ஒரு ரேடியாலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க. ரெண்டுக்கும் அவர் ஒரே பதில் சொன்னாத்தான் உங்க பிராஜெக்ட் பாஸ்!