ஏஜென்டை நிறுத்தியாச்சு... குடித்தனக்காரருக்குச் சொன்னீங்களா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. கூடத்தில் தறிக்குழி இருந்த இடத்தை மூடி, டைல்ஸ் போட்டாகிவிட்டது. அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு மகன் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார். விற்க மனசு வரவில்லை. பூட்டி வைத்தால் வீடு பாழாகும். பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டு ஏஜென்ட்டிடம் சாவியைக் கொடுத்தார்.

“நீங்க கவலைப்படாதீங்க தம்பி, நம்ம வீடு மாதிரி பார்த்துக்கறேன்” என்றார் அவர்.

இதை ஓர் உதாரணமாக வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் பலருக்கு இதில் பாதியாவது பொருந்தும்.

மாத வாடகை 12,000 ரூபாய். கமிஷன் போக 11,000 வரும். முதல் வருடம் ஒழுங்காக வந்தது. பிறகு 10-ஆம் தேதி 25-ஆம் தேதி ஆனது. ‘மோட்டார் ரிப்பேர்’, ‘டேங்க் கசிவு’ என்று பிடித்தம் ஏறியது. பில் மட்டும் வரவில்லை. பொறுத்துப் பார்த்தவர், மார்ச் மாதம் வாட்ஸ்அப்பில், ‘அண்ணே, இனிமே வீட்டை நானே பார்த்துக்கறேன்’ என்று அனுப்பினார். ‘சரி தம்பி’ என்று பதிலும் வந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

ஏப்ரலில் பணம் வரவில்லை. மே மாதமும் இல்லை. ஜூனில் குடித்தனக்காரருக்கு போன் செய்தார்.

“சார், ரெண்டு மாச வாடகையும் அண்ணன்கிட்ட கொடுத்துட்டேனே! நீங்க அவரை நிறுத்தினது எனக்கு எப்படி சார் தெரியும்?”

அந்த 24,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு?

சட்டம் சொல்லும் பதில்

ஏஜென்ட் வைத்துக்கொள்வது, நிறுத்துவது பற்றியெல்லாம் பேசுவது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 208-ஆம் பிரிவு ரொம்பத் தெளிவு. ஏஜென்ட்டின் அதிகாரம் முடிந்தது என்பது, ஏஜென்ட்டைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த நாளில் இருந்து செல்லும். மூன்றாவது மனிதரைப் பொறுத்தவரை அந்த மனிதருக்குத் தெரிந்த நாளில் இருந்துதான் செல்லும்.

அதாவது, ஏஜென்ட்டுக்கு மார்ச் மாதமே முடிந்துவிட்டது. குடித்தனக்காரருக்கு ஜூனில்தான் முடிந்தது. அவர் நம்பிக் கொடுத்த இரண்டு மாத வாடகையும் வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகவே கணக்கு. ‘மறுபடியும் கொடு’ என்று அவரிடம் கேட்க முடியாது. ஏஜென்ட்டிடம்தான் வாங்க வேண்டும்.

ஏஜென்ட்டை நிறுத்துவது என்றால் ஒரு கடிதம் இல்லை, இரண்டு கடிதம். ஒன்று ஏஜென்ட்டுக்கு, இன்னொன்று குடியிருப்பவருக்கு. பலரும் தவறவிடுவது இரண்டாவது கடிதத்தை.

ஏஜென்ட்டுக்கு எழுதும் முன்

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எத்தனை வருடத்துக்குப் போட்டது? நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்? குறிப்பிட்ட காலத்துக்குப் போட்ட ஒப்பந்தத்தைத் தக்க காரணம் இல்லாமல் நடுவில் முறித்தால் ஏஜென்ட் நஷ்டஈடு கேட்கலாம் (பிரிவு 205). நியாயமான முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தினாலும் அதனால் வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பு உண்டு (பிரிவு 206). கணக்கு காட்டாதது, வாடகையை அனுப்பாதது போன்ற காரணங்கள் இருந்தால் அவற்றைத் தேதியோடு கடிதத்தில் எழுதுங்கள்.

எழுத்தில் எதுவுமே இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு என்றாலும் இதே சட்டம்தான். இன்னும் ஒரு சுவாரசியம்: ஒருவரிடம் வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிவிட்டு, பிறகு உரிமையாளரே நேராக வாடகைக்கு விட்டுவிட்டால், அதுவே அவரை நிறுத்தியதற்கு அடையாளம் என்று சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆனாலும், வம்பு வராமல் இருக்க எழுத்துதான் நல்லது. ஒப்புகையோடு தபாலில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று என அனுப்புங்கள்.

‘பவர்’ கொடுத்திருக்கிறீர்களா?

வாடகை வசூலிக்க மட்டும் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் சுலபம். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், ரத்துப் பத்திரமும் எழுத வேண்டும். பவர் பதிவானது என்றால் ரத்தையும் பதிவு செய்ய வேண்டும். அசல் பத்திரம் அவர் கையிலேயே இருக்க, ‘நிறுத்திவிட்டேன்’ என்று மெசேஜ் மட்டும் அனுப்பிவிட்டு இருப்பது ஆபத்து. அந்தத் தாளைப் பார்ப்பவருக்கு உங்கள் மெசேஜ் தெரியாது.

இதற்காக விமானம் ஏற வேண்டும் என்பதில்லை. பவர் பத்திரம் போலவே ரத்துப் பத்திரத்தையும் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று ஊருக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் உரிய முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பத்திரத்தில் ஏஜென்ட்டுக்குச் சொத்தில் ஏதாவது பாத்தியதை, கடன் ஈடு என்று எழுதியிருந்தால் அதை அப்படியே ரத்து செய்ய முடியாமல் போகலாம் (பிரிவு 202). அந்த மாதிரிப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

அட்வான்ஸ் யார் கையில்?

பெரிய சிக்கல் இங்கேதான். உதாரண வீட்டில் 3 மாத வாடகை, 36,000 ரூபாய் அட்வான்ஸ். குடித்தனக்காரர் கொடுத்தது ஏஜென்ட் கையில். அவர் காலி செய்யும் நாளில் திருப்பித் தர வேண்டிய பொறுப்போ வீட்டுக்காரருக்கு. ‘ஏஜென்ட் கொடுக்கவில்லை’ என்ற பதில் அங்கே எடுபடாது.

அதனால், நிறுத்தும் கடிதத்திலேயே கணக்கு கேளுங்கள். வாங்கிய வாடகை, அட்வான்ஸ், செலவுக்கான பில்கள், வீட்டு வரி, தண்ணீர் வரி, கரன்ட் பில் ரசீதுகள், சாவிகள், குடித்தனக்காரரின் ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்டால் கணக்கு காட்ட வேண்டியது ஏஜென்ட்டின் கடமை (பிரிவு 213).

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவருக்கு வர வேண்டிய கமிஷனையும் வீட்டுக்காகச் செய்த செலவையும் கையில் இருக்கும் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்; பாக்கி தீரும்வரை தன்னிடம் உள்ள காகிதங்களைப் பிடித்து வைக்கவும் உரிமை உண்டு. எனவே, உண்மையான பாக்கியைச் சண்டை போடாமல் தீர்த்துவிடுவது நல்லது. மீதியைத் தரவில்லை என்றால் வழக்குப் போட 3 வருட அவகாசம். கணக்கு கேட்டு அவர் மறுத்த நாளில் இருந்தும், கேட்காமல் விட்டிருந்தால் அவரது பொறுப்பு முடிந்த நாளில் இருந்தும் அந்தக் காலம் ஓடும்.

குடித்தனக்காரருக்கு எழுதும் கடிதம்

ஏஜென்ட்டுக்குக் கடிதம் போகும் அன்றே இதுவும் போக வேண்டும். நாலே விஷயம் போதும்: இன்ன தேதி முதல் அவருக்கு அதிகாரம் இல்லை, வாடகையை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள், ரிப்பேர் என்றால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள், இதுவரை நீங்கள் கொடுத்த வாடகை, அட்வான்ஸ் விவரத்தை எழுதி அனுப்புங்கள். கடைசி விவரம் கிடைத்தால், ஏஜென்ட் காட்டும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

குடியிருப்பவருக்கும் இது பயமான நேரம். ‘நம்மைக் கிளப்பத்தான் பார்க்கிறாரோ’ என்று தோன்றும். ஏஜென்ட் மாறினால் அவருடைய வாடகை ஒப்பந்தம் மாறாது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பாதிப் பிரச்னை அதிலேயே தீரும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நகரங்களுக்குப் பொருந்தும். அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரருக்காக வாடகை வாங்குபவரை அந்தச் சட்டம் ‘சொத்து மேலாளர்’ என்கிறது. பதிவில் ஏஜென்ட் பெயர் இருந்தால் மாற்றத்தை வாடகை அதிகாரிக்கும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று வருமான வரி. வீட்டுக்காரர் வெளிநாட்டுவாசி என்றால், வாடகை தருபவர் வரி பிடித்துத்தான் தர வேண்டும். பொதுவாக 30 சதவீதம், அதன்மேல் செஸ். ஏஜென்ட் நடுவில் இருந்தவரை இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். இனி உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு நேராக வாடகை வரும்போது, ஆடிட்டரிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பிடித்த வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

அடுத்து யார்?

பட்டுத் தறியில் பழைய பாவு தீரும்போது அதை அறுத்துப் போட்டுவிட மாட்டார்கள். அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே அடுத்த சேலை ஆரம்பிக்கும். ஏஜென்ட் விஷயமும் அப்படித்தான். மோட்டார் ஓடவில்லை என்றால் இனி யார் போய்ப் பார்ப்பது? தங்கை வீட்டுக்காரரா, நம்பிக்கையான எலெக்ட்ரீஷியனா, வேறு ஏஜென்ட்டா? அதை முடிவு செய்துகொண்டு பழையவரை நிறுத்துங்கள்.

நம் சிங்கப்பூர்க்காரர் என்ன செய்யலாம்? குடித்தனக்காரரிடம், “நீங்க கொடுத்தது கொடுத்ததுதான். ஜூன் மாசத்துல இருந்து என் கணக்குல போட்டுடுங்க” என்று சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்ப வேண்டும். ஏஜென்ட்டுக்கு, ‘ஏப்ரல், மே வாடகை 24,000, அட்வான்ஸ் 36,000, கணக்கோடு 15 நாளில் அனுப்புங்க அண்ணே’ என்று எழுத வேண்டும். மார்ச் மாதம் வந்த ‘சரி தம்பி’தான் அவர் கையில் இருக்கும் சாட்சி. அந்த மெசேஜை மட்டும் அழித்துவிடக் கூடாது.