காத்திருந்த வீரர்

அமெரிக்கர் 'புட்போல்' என்றழைக்கும் ஆட்டம் நம் பிள்ளைகள் ஆடும் உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும், துணைவருக்கு எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடப்பதே அதன் நோக்கம். பந்தை முதலிற் பெற்று, எவருக்கு எறிவது என்று இமைப்பொழுதில் முடிவுசெய்பவர் 'குவாட்டர்பாக்' எனப்படுவார். அவ்விடத்தில் ஆடிய கேர்ட் வோர்னரின் வரலாற்றை இவ்வாரம் நம் மாணவச் செல்வங்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

1971ஆம் ஆண்டு ஐயோவா மாகாணத்திற் பிறந்த வோர்னர், சீடர் றப்பிட்ஸ் நகரப் பாடசாலையொன்றில் ஆடிப் பழகினார். வட ஐயோவாச் சர்வகலாசாலையிற் சேர்ந்தபின், இறுதியாண்டு வரை அவருக்கு வாய்த்தது மைதான ஓரத்து வாங்கே. 1993இற்றான் முதலிடம் கிடைத்தது. மறு ஆண்டு தொழின்முறை அணிகள் வீரரைத் தெரிந்தபோது அவர் பெயரை எவரும் கூறவில்லை. கிறீன் பே அணி பயிற்சிக்கு அழைத்து, போட்டிகள் தொடங்குமுன்னரே விலக்கிவிட்டது.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் கடையொன்றில் இரவுவேளைகளிற் சாமான் அடுக்கினார். கூலி மணிக்கு 5.50 டொலர். 1995இல் உள்ளரங்க ஆட்ட அணியொன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே களத்தின் நீளம் 50 யார் மாத்திரமே. ஆகவே நின்று யோசிக்க நேரமில்லை. பலர் சிறிதாக மதித்த அவ்வரங்கே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1998இல் அம்ஸ்ரடாம் அணியில் ஆடியபின், சென் லூயிஸ் றாம்ஸ் அணியிற் பதில்வீரரானார்.

1999இல் அவ்வணியின் முதல்வீரர் ட்றென்ற் கிறீன் முழங்காலிற் காயமுற்றார். 28 வயது வோர்னர் களமிறங்கினார். முந்திய ஆண்டு 16 ஆட்டங்களில் 4இல் மட்டுமே வென்ற அணி, இப்போது 13இல் வென்றது. 2000 சனவரி 30இல் நடந்த 'சுப்பர் போல்' இறுதியாட்டத்தில் 414 யார் தூரத்துக்குப் பந்தெறிந்து, 23–16 என வெற்றி தேடித்தந்தார். 2010இல் ஓய்வுபெற்ற அவர், 2017இற் புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றார்.

மற்றொருவரின் காயம் வோர்னரின் திறமையன்று, அது தற்செயல். அத்தற்செயல் வந்த நாளில் ஆயத்தமாக இருந்தமையே அவருடையது. காத்திருக்கும் எல்லோருக்கும் அழைப்பு வரும் என்று நாம் உறுதி கூறோம். ஆயத்தமில்லாதவனுக்கு அழைப்பு வந்தும் பயனில்லை என்பது மட்டும் உறுதி. பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றே பிள்ளையின் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடும் பெற்றோரே, சற்றுப் பொறுங்கள்! அன்று கடையில் அடுக்கிய கையைக் கண்டு யார் என்ன கணித்திருப்பர்?