வியாழக்கிழமை மாலை

எமது அயலில் வாழும் கிறிஸ்தவ நண்பரின் மகள் திருமணமாகி அமெரிக்காவிற் குடியிருக்கிறாள். சென்ற விடுமுறையில் தன் இரு சிறு பிள்ளைகளுடன் ஊருக்கு வந்திருந்தாள். எம்மைக் காண வந்தவளிடம், "பிள்ளைகள் எந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள்?" என்று வினவினோம். "பாடசாலைக்கு அனுப்பவில்லை, மாமா. வீட்டில் வைத்து நானே படிப்பிக்கிறேன்" என்றாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தலையே சீவனோபாயமாகக் கொண்ட எமக்கு அவ்விடை சற்றே உறைத்தது. அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் இதற்கு இடங்கொடுக்கிறது என்றும், எழுத்தும் ஒழுக்கமும் இறைபக்தியும் ஒரே கையால் ஊட்டப்படவேண்டும் என்று கருதும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இவ்வழியை மேற்கொள்கின்றன என்றும் அவள் விளக்கினாள். "எல்லாரும் இப்படித் தொடங்கிவிட்டால் எங்கள் பிழைப்பு என்னாவது?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "சூசன்னா அம்மையார் வீட்டிலே பள்ளிக்கூடம் வைத்திராவிட்டால் யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரி ஏது, மாமா?" என்றாள்.

விடை கூறத் தெரியாது விழித்தோம். அன்றிரவே நூல்களைப் புரட்டினோம். கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சூசன்னா வெஸ்லி 1669ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தவர். சாமுவேல் வெஸ்லி என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவரை 1688இல் மணந்து, லிங்கன்சயர்ப் பகுதியிலுள்ள எப்வோர்த் என்னும் சிற்றூரிற் குடித்தனம் நடத்தினார். பெற்ற பிள்ளைகள் 19 பேர். அவர்களுள் ஒன்பதின்மர் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். எஞ்சியோர் ஆண்மக்கள் மூவரும் பெண்மக்கள் எழுவரும் ஆவர். குருவானவரிடம் கல்வியும் கவித்துவமும் இருந்தன, காசு இருக்கவில்லை. 1705இல் கடனை இறுக்க வகையின்றி லிங்கன் கோட்டைச் சிறையிற் கிடக்கவும் நேர்ந்தது. இத்தகைய வீட்டிலேதான் அவ்வம்மையார் தம் பள்ளியை நடத்தினார்.

பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்வரை எழுத்துக் காட்டுவதில்லை. ஐந்து நிறைந்ததும் ஏடு தொடக்கம். அதற்கு முதல்நாளே வீடு ஒழுங்கு செய்யப்படும். அவரவர்க்குரிய வேலை வகுக்கப்படும். காலை 9 மணி முதல் 12 மணி வரையும், பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரையும் அவ்வறைக்குள் எவரும் நுழையலாகாது. அந்த ஒரு நாளிற் பிள்ளை ஆங்கில நெடுங்கணக்கு முழுவதையும், பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக, அறிந்துகொள்ளும். பெண்பிள்ளைகள் இருவர் மட்டும் ஒன்றரை நாள் எடுத்தார்களாம். அவர்களை மந்த புத்தியினர் என்று தாம் அப்போது எண்ணியதாகவும், பிறர் பிள்ளைகள் எத்தனை காலம் எடுக்கிறார்கள் என்பதைக் கண்டபின் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டதாகவும் அம்மையார் எழுதுகிறார். எழுத்து அறிந்ததும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். முதல் வசனம் தடையின்றி வாசிக்க வந்த பின்னரே இரண்டாவது வசனம்.

கடைக்குட்டிப் பெண்ணுக்கு மட்டும் பிறர் வற்புறுத்தலால் ஐந்து வயதுக்கு முன்னரே எழுத்துத் தொடங்கினர். மற்றையோர் மாதங்களிற் கற்றதை அவள் கற்பதற்கு ஆண்டுகள் சென்றன. மூன்று வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலைத் திணித்து அவசரப்படும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக.

பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடுவர். மாலை 5 மணிக்கு, மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைசிக் குழந்தையையும், அடுத்த பிள்ளை அதற்கு மூத்த குழந்தையையும், இவ்வாறே இருவர் இருவராக அழைத்துச் சென்று, அன்றைக்குரிய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசித்துக் காட்டுவர். 6 மணிக்குக் குடும்ப வழிபாடும் இராச்சாப்பாடும். 7 மணிக்குப் பணிப்பெண் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகக் கழுவித் துடைப்பாள். 8 மணிக்கு எல்லாரும் படுக்கையில். தூங்கும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்கும் வழக்கம் அங்கில்லை.

இவ்வீட்டின் சட்டங்களுட் சில எம்மைப் பெரிதும் கவர்ந்தன. தவற்றைத் தானே ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் பிள்ளையை அடிக்கலாகாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை கண்டிக்கலாகாது. ஒருவர் பொருளை, அது ஓர் ஊசியேயாயினும், மற்றவர் அனுமதியின்றித் தொடலாகாது. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்கும்வரை அவளை வீட்டு வேலையிற் பழக்கலாகாது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துத் தாய் இச்சட்டத்தை வகுத்தார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

எனினும், எல்லாவற்றையும் மெச்சுதற்கில்லை. ஒரு வயது நிரம்பிய குழந்தை பிரம்புக்கு அஞ்சவும், அழுதால் மெல்ல அழவும் அங்கே பழக்கப்பட்டது. பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் முறித்துவிட வேண்டும் என்பது அம்மையாரின் கொள்கை. ஒரு வயதுக் குழந்தை சத்தமின்றி அழும் வீட்டை நினைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. பிரம்பு பிடித்த ஆசிரியர்களின் கீழ் நாமும் படித்தவரே. அதனால் அறிவு வளர்ந்ததாக எமக்கு நினைவில்லை.

ஆனால், அதே தாயின் பொறுமைக்கும் ஒரு சான்று உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரே விடயத்தை இருபது முறை சொல்லிக் கொடுப்பதைக் கண்ட கணவர், இத்தனை பொறுமை எப்படி வந்தது என்று கேட்டாராம். பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்குமே என்பது அம்மையாரின் விடை. ஆசிரியர் அறையிலே தொங்கவிடத் தக்க விடை அது.

1709ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஓரிரவு வீடு தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் யோன் மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்டான். ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்று, யன்னல் வழியே அவனை மீட்டனர். வீடு மீண்டும் எழும்வரை பிள்ளைகள் பல வீடுகளிற் பிரிந்து வாழ்ந்தனர். திரும்பி வந்தபோது பேச்சும் பழக்கமும் கெட்டிருந்தன. அம்மையார் சலியாது மறுபடியும் தொடங்கினார்.

இனி எம்மை உறக்கமின்றி வைத்த செய்திக்கு வருகிறோம். கணவர் லண்டனுக்குச் சென்றிருந்த காலத்தில், அவருடைய நூலறையிலிருந்து மூத்த மகள் ஒரு நூலை எடுத்து வந்தாள். அது 1706இல் தமிழ்நாட்டின் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலிய தென்மார்க்கு மிஷனரிமாரின் வரலாறு. எங்கோ ஒரு தமிழ்க் கரையில், முன்பின் அறியாத மக்களுக்காக அவர்கள் பட்ட பாட்டைக் கேட்ட அம்மையாரின் உள்ளம் உருகியது. தாம் குருவானவரும் அல்லர், ஆணும் அல்லர். கடல் கடக்க இயலாது. ஆயினும் தம் பிள்ளைகளுக்கு இன்னும் சிறிது கூடுதலாகச் செய்யலாமே என்று எண்ணினார். அன்று முதல், ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையுடன் தனித்திருந்து பேசுவதென்று நேரம் ஒதுக்கினார். இதனை 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். திங்கள் மேரிக்கு, செவ்வாய் ஹெற்றிக்கு, புதன் ஆனுக்கு, வியாழன் யோனுக்கு, வெள்ளி மார்த்தாவுக்கு, சனி சாள்ஸுக்கு, ஞாயிறு மூத்த பெண்கள் இருவருக்கும்.

அது பாடம் அன்று, பேச்சு. பிள்ளையின் மனத்தில் இருப்பது எது என்று கேட்கும் நேரம்.

யோன் பத்து வயதளவில் வெளியூர்ப் பாடசாலைக்குச் சென்றார். பின்னர் ஒக்ஸ்போர்டிற் கல்லூரி ஆசிரியரானார். அங்கிருந்து 1732இல் தாய்க்கு எழுதியபோது, அக்காலத்து வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பங்கைத் தமக்கு இன்னும் தரலாகாதா என்று வேண்டினார். கற்ற இலத்தீனும் கிரேக்கமும் இருக்க, அவர் கேட்டது அந்த ஒரு மாலையை!

ஒரு குறையையும் மறைத்தலாகாது. ஹெற்றி கிரேக்கம் அறிந்தவள், கவிபுனைய வல்லவள். எனினும் தமையனும் தம்பியரும் ஒக்ஸ்போர்ட் சென்றனர். பெண்களுக்கு அக்கதவு மூடியிருந்தது. 1725இல் மனத்துக்கு ஒவ்வாத ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, அவள் வாழ்வு துன்பத்தில் ஆழ்ந்தது. வீடு தந்த கல்வியை உலகம் மதியாவிடின் தாய் தனியே என் செய்வாள்?

யோன் வெஸ்லி தொடக்கிய மெதடிஸ்த இயக்கத்தின் மிஷனரிமார் 1814இல் இலங்கை வந்தனர். அவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பள்ளியே மத்திய கல்லூரியாக வளர்ந்தது. எம் நாவலர் பெருமான் ஆங்கிலம் கற்றதும், பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்ததும் அங்கேதான். அங்கிருந்து விலகி 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளி கண்டார். அயல்வீட்டுப் பெண் சொன்னதில் மிகை இல்லை. தமிழ்க் கரைச் செய்தி ஒன்று எப்வோர்த் வீட்டில் ஒரு மாலைப்பொழுதாகி, மீண்டும் தமிழ்க் கரைக்கே பள்ளிக்கூடமாக வந்திருக்கிறது.

இதனைப் படித்து முடித்தபோது எம் வீட்டை நினைத்தோம். எமக்குப் பிள்ளைகள் மூவர். பகல் முழுவதும் கல்லூரி. மாலையெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. எம் பிள்ளைகளோ வேறோர் ஆசிரியரின் வகுப்பில். இரவில் எமக்குள் நிகழும் உரையாடல் பெரும்பாலும் புள்ளிகளைப் பற்றியதே.

அடுத்த வியாழன் எம் மாலை வகுப்பை நிறுத்திவிட்டு, பத்து வயது இளைய மகளுடன் திண்ணையில் அமர்ந்தோம். நெடுநேரம் பூனையைப் பற்றிப் பேசினாள். பின்னர், வகுப்பிற் கரும்பலகை எழுத்துத் தெரிவதில்லை என்றும், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதுவதாகவும், பல மாதங்களாக இப்படித்தான் என்றும் சொன்னாள். பிறர் பிள்ளையிடம் இதனை ஒரே வாரத்திற் கண்டுபிடித்திருப்போம்.

"ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"நீங்கள் கேட்கவில்லையே, அப்பா" என்றாள்.

இப்போது மூக்குக் கண்ணாடி அணிகிறாள். வீட்டையே பாடசாலையாக்கும் வசதியும் துணிவும் எம்மவருள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. எல்லார்க்கும் அது வேண்டியதும் இல்லை. பாடசாலையை நாம் என்றும் விட்டுக்கொடோம். ஆனால், பாடசாலை எத்துணை நல்லதாயினும் அதனாற் கொடுக்க இயலாத பொருள் ஒன்று உண்டு. திங்கள் மூத்தவனுக்கு, புதன் நடுவிலாளுக்கு, வியாழன் இளையவளுக்கு என எம் வீட்டில் இப்போது வகுத்திருக்கிறோம். மாலை வகுப்பு மூன்று நாள் குறைந்ததால் வருவாயும் குறைந்தது. மனைவியார் முதலிற் கணக்குப் பார்த்தார், பின்னர், "எனக்கு எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

வாசக நேயர்களே, உங்கள் வீட்டில் எந்த மாலை எந்தப் பிள்ளைக்கு?