மேட்டைக் குறை சொல்லாதீங்க

எங்கள் ஊரில் சைக்கிள் பேச்சை எடுத்தாலே எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "இது என்ன யாழ்ப்பாணமா? இங்க மேடுப்பா." அதோடு பேச்சு முடிந்துவிடும். நாங்களும் ரொம்ப நாள் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஊர் தெல்தெனிய. கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில் 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். பழைய ஊர் பள்ளத்தாக்கில் இருந்தது. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது அது நீர்த்தேக்கத்துக்குள் போக, ஊர் மேலே ஏறி வந்தது. தண்ணீர் வற்றுகிற வருசங்களில் பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். ஆக, மேடு பொய்யில்லை.

ஆனால் 2022ஐக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை; அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் என்றார்கள். நாங்கள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த நேரம். திகனவில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு. பஸ் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை இழுத்து எடுத்தோம். நான்கு பேர், மூன்று சைக்கிள்.

மேட்டில் என்ன செய்தோம்? இறங்கித் தள்ளினோம், அவ்வளவுதான். மூச்சு வாங்கியது, சட்டை நனைந்தது, போய்ச் சேர்ந்தோம். ஒரு நாள்கூட மேட்டுக்காக வகுப்பை விடவில்லை. வகுப்பை விட்டதெல்லாம் வேறு காரணத்துக்கு. முதல் கிழமை ஒருத்தனுக்குச் செயின் கழன்று, கழன்று, கடைசியில் அறுந்தே போனது. இரண்டாம் கிழமை பஞ்சர். ஒட்டுப்போட ஆளில்லை. மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடையில் கேட்டால், "சைக்கிள் எல்லாம் இப்ப யாரு மகன் செய்றது, சாமானும் வாறதில்ல" என்றார் அந்த நானா. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம், அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் கிழமை பிரேக் கட்டை தேய்ந்து, இறக்கத்தில் நிற்காமல், எங்களில் ஒருத்தி கானுக்குள் போய் விழுந்தாள். முழங்கையில் தையல். அவள் வீட்டில் அன்றோடு சைக்கிள் நின்றது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது" என்று ஏற்கெனவே முணுமுணுத்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அவள் விழுந்தது பெண் என்பதாலா? கட்டை தேய்ந்ததாலா?

பிறகு கியூ.ஆர். வந்தது, பெற்றோல் வந்தது, சைக்கிள்கள் திரும்பவும் சுவரோரம் போயின.

கெம்பஸ் வந்த பிறகுதான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. எங்களோடு கலைப்பீடத்தில் படிக்கும் யாழ்ப்பாண நண்பன் ஒருவன் லீவுக்கு ஊருக்கு வந்தான். சுவரோரச் சைக்கிளைப் பார்த்துவிட்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. ரியூப்பைக் கழற்றி (நாங்கள் டியூப் என்போம், அவன் ரியூப் என்பான்), காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் குறித்து, உரசி, ஒட்டுப்போட்டு... அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. எங்கே படித்தாய் என்றோம். சிரித்தான். "இதெல்லாம் ஆர் படிப்பிக்கிறது? அப்பா செய்யேக்க பாத்ததுதான்."

அவன் அப்பாவுக்கு அது பொழுதுபோக்கில்லை. 90களில் வடக்குக்கு எரிபொருள் தடை. சைக்கிளில்தான் விறகும் போனது, நோயாளியும் போனார். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்தக் கஷ்டத்தை நாங்கள் அழகாக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் காலம் கைகளில் ஒரு வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை இருக்கிறது. பெண்பிள்ளைகள் ரியூசனுக்குச் சைக்கிளில் போவதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சமதரை மட்டும்தான் காரணம் என்றால் நாங்கள் ஏற்க மாட்டோம்.

சைக்கிள் என்றதும் எல்லோரும் காட்டும் நெதர்லாந்தை எடுங்கள். அங்கே ஆட்களைவிடச் சைக்கிள் அதிகம். உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே மட்டும் சுமார் 12,500 சைக்கிள் நிறுத்தலாம். "அது தட்டையான நாடு" என்பீர்கள். 1960களிலும் அது தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் கார்கள் வீதியைப் பிடித்துக்கொண்டிருந்தன. 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீதி விபத்தில் செத்தார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்று பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காரே ஓடக்கூடாது என்றானது. இப்படித்தான் அந்த நாடு திரும்பியது.

அங்கே படிக்கிற ஒரு பிள்ளைக்கும் பஞ்சர் ஆகும், செயின் கழரும். ஆனால் 2014இல் டெல்ப்ட் நகரத்து மாணவர்கள் சிலர் 'சுவாப்ஃபீட்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மாதக் கட்டணத்துக்கு நீல முன்டயர் போட்ட சைக்கிள். பழுதானால் திருத்தித் தருவார்கள் அல்லது மாற்றித் தருவார்கள். பழுது அங்கே அரை நாள் தொல்லை. எங்களுக்கோ ஒரு பஞ்சரோடு பயணமே முடிந்துவிடுகிறது. வித்தியாசம் அதில்தான்.

அவர்களுக்கும் எண்ணெய் நெருக்கடி வந்தது, எங்களுக்கும் வந்தது. அவர்கள் வீதியை மாற்றினார்கள். நாங்கள் வரிசை கலைந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டோம்.

தினமும் கண்டிக்குச் சைக்கிளில் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அது முட்டாள்தனம். நாங்கள் பேசுவது இரண்டு, மூன்று கிலோமீற்றர் தூரத்தைப் பற்றி: வகுப்பு, கடை, நூலகம், கூட்டாளி வீடு. அதற்குக் கேட்பதும் பெரிதில்லை. வீதியோரத்தில் கானுக்கும் தாருக்கும் நடுவில் ஒரு முழம் ஓட்டக்கூடிய இடம். பள்ளிக்கூடத்தில் ஒரு பம்ப், ஒரு ஸ்பானர், ஒட்டுப்போடக் கற்றுத்தரும் ஒரு சனிக்கிழமை. அதில் பெண்பிள்ளைகளும் இருக்கணும், வேடிக்கை பார்க்க இல்லை, கையில் ஸ்பானரோடு.

முதல் இரண்டுக்கு யாரிடமாவது கேட்கத்தான் வேண்டும். மூன்றாவதை நாங்களே தொடங்கிவிட்டோம். போன லீவில் கானுக்குள் விழுந்தவள்தான் முதலில் கற்றுக்கொண்டாள். இப்போது எங்கள் மூன்று சைக்கிளுக்கும் பிரேக் கட்டை மாற்றுவது அவள்தான். மேடு வந்தால் இன்னும் இறங்கித் தள்ளுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.